சால்மனுக்கு உப்பு மட்டும் போதுமா?

சால்மன் சமைப்பவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். ஒரு கட்சிக்கு உப்பு, மிளகு, மிஞ்சிப்போனால் ஒரு துண்டு எலுமிச்சை. அதற்கு மேல் எதைத் தொட்டாலும் மீனைக் கெடுத்துவிட்டாய் என்று முகம் சுளிப்பார்கள். இன்னொரு கட்சிக்கு மிளகாய்த்தூள், பூண்டுத்தூள், தேன், சோயா சாஸ், கடுகு விழுது, ஏதோ ஒரு காய்ந்த இலை என்று கிண்ணம் நிறையக் குழைத்துப் பூசி, ராத்திரி முழுக்க ஊறவைத்தால்தான் சமைத்த திருப்தியே வரும். இரண்டு கட்சிக்காரர்கள் வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் அருமையான மீன் கிடைத்திருக்கிறது, வாயில் வைக்க முடியாத மீனும் கிடைத்திருக்கிறது. எத்தனை பொருள் போட்டார்கள் என்று எண்ணிப் பார்த்து இதற்குக் காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. எந்தப் பொருள் எந்த நேரத்தில் மீன்மேல் ஏறியது, அது நேராகத் தீயில் மாட்டியதா இல்லையா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் மீனைப் பார்ப்போம், ஏனென்றால் சால்மன் என்று ஒரே பெயரில் கிடைப்பதெல்லாம் ஒரே மாதிரி மீன் கிடையாது. பண்ணையில் வளர்க்கும் அட்லாண்டிக் சால்மனில் 100 கிராமுக்குச் சுமார் 13 கிராம் கொழுப்பு இருக்கும். பசிபிக் கடலின் பிங்க் சால்மனில் அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. சாக்கை என்ற சால்மன் வகை இரண்டுக்கும் நடுவில் வரும், ஆனால் நிறமும் ருசியும் அழுத்தமானவை. கிங் என்றும் சினூக் என்றும் சொல்லப்படுவது கொழுப்பில் அட்லாண்டிக்கோடு போட்டி போடும். ஒரே மீனை எடுத்துக்கொண்டாலும் வயிற்றுப் பக்கம் கொழுப்பு, வால் பக்கம் மெலிவு. கொழுப்புதான் வாசனையைப் பிடித்து நாக்கில் நிறுத்துகிறது. கொழுத்த நடுத்துண்டு ஒன்று கையில் இருந்தால் உப்புக் கட்சி ஜெயிக்கும். பல மாதம் ஃப்ரீசரில் கிடந்த பிங்க் சால்மனை வெறும் உப்போடு வாட்டித் தின்று பார்த்தால் மசாலாக் கட்சிக்கு ஓட்டுப் போடத் தோன்றும். சண்டை போடுகிற இரண்டு பேரும் வேறு வேறு மீனை மனதில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்பதுதான் பல நேரம் நடக்கிறது.

சரி, இரண்டு கட்சிக்கும் பொதுவான உப்புக்கு வருவோம். விசித்திரம் என்னவென்றால் பத்துப் பொருள் போடுகிறவர்களும் ஒரு பொருள் போடுகிறவர்களும் இந்த ஒன்றைத்தான் அவசரத்தில் செய்கிறார்கள். அடுப்பில் வைக்க அரை நிமிடம் இருக்கும்போது மேலே தூவினால் அது மேலேயே நிற்கும். முதல் கடி கரிக்கும், நடுப்பகுதி சப்பென்று இருக்கும். மீனின் எடையில் 1 முதல் 1.5 சதவீதம் உப்பு என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. 200 கிராம் துண்டுக்கு 2 முதல் 3 கிராம். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம் இருக்கும் என்பதால் அரை டீஸ்பூனைத் தாண்டக் கூடாது. ஆனால் செதில் செதிலாக வரும் உப்பு அதே ஸ்பூனில் பாதி எடைதான் நிற்கும், ஆகவே செய்முறையில் 'ஒரு ஸ்பூன் உப்பு' என்று மட்டும் போட்டிருந்தால் அதை நான் நம்புவதில்லை. சின்னத் தராசு ஒன்று இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

உப்பைத் தூவிவிட்டு ஒரு 20 நிமிடம் விட்டுப் பாருங்கள். முதலில் மேலே முத்து முத்தாக நீர் கோர்க்கும். அதைப் பார்த்து ஐயோ மீன் காய்ந்துபோகிறதே என்று பயப்பட வேண்டாம். அந்த நீரில் உப்பு கரைந்து, உப்புநீராக மெல்ல மறுபடி சதைக்குள் இறங்கும். மேற்பரப்பில் இருக்கும் மயோசின் என்ற புரதம் உப்பில் கொஞ்சம் கரைந்து பிசுபிசுப்பாகும், வேகும்போது அது நீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். சால்மன் வேகும்போது பக்கவாட்டில் வெள்ளையாக ஏதோ பிதுங்கி வருமே, கொழுப்பு என்று பலர் நினைப்பது, அது அல்புமின் என்ற புரதம். முன்கூட்டி உப்பிட்ட துண்டில் அது குறைவாகவே வரும். தூவுவதற்குப் பொறுமை இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, அதில் 15 நிமிடம் மீனைப் போட்டு எடுத்துத் துடைத்தாலும் இதே பலன்தான், சீராகவும் பிடிக்கும்.

இங்கேதான் ராத்திரி முழுக்க ஊறவைக்கும் கட்சியோடு எனக்குச் சண்டை. ஊற ஊற மசாலா உள்ளே இறங்கும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் குறிப்பிடும்படி உள்ளே போவது உப்பு மட்டும்தான். பூண்டின் வாசனையும் மிளகாயின் காரமும் இலைகளின் மணமும் மேலே சில மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள துண்டை எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் நடுவில் இருப்பது உப்பிட்ட சால்மன்தான். மசாலா ஒவ்வொரு கடியிலும் வர வேண்டும் என்றால் நேரத்தைக் கூட்டாதீர்கள், துண்டைச் சிறிதாக்குங்கள். இரண்டு சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி அரை மணி நேரம் பிரட்டி வைத்தாலே, ராத்திரி முழுக்க ஊறிய பெரிய துண்டைவிட அதிக மசாலா வாய்க்கு வரும். பரப்பளவு கூடுகிறது, அவ்வளவுதான் கணக்கு.

எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பது இதைவிட மோசம். தெரிந்தவர் ஒருவர் எலுமிச்சை, எண்ணெய், பூண்டு சேர்த்து முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட்டுவிடுவார். காலையில் மீனின் ஓரமெல்லாம் வெளிறி, சுண்ணாம்புபோல் உதிரும். புளிப்பும் புரதத்தைத் திரிய வைக்கும், சூடு செய்கிற அதே வேலையைச் சூடு இல்லாமலே செய்யும். அப்புறம் அதையே அடுப்பிலும் வைத்தால் இரண்டு தடவை வெந்த மீன்தான் தட்டுக்கு வரும். எலுமிச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை, சால்மனின் கொழுப்புக்கு எதிரே ஒரு புளிப்பு கட்டாயம் வேண்டும். சாப்பிடும்போது பிழிந்துகொள்ளலாம். ஊறவைக்கும்போது வாசம் வேண்டுமென்றால் தோலை மட்டும் துருவிப் போடலாம். துருவலில் வாசனை எண்ணெய்தான் இருக்கிறது, புளிப்பு கிடையாது.

சாதாரண நாளில் நான் செய்வது வாணலி முறை. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மசாலா ஏன் அங்கே எடுபடாது என்பது அடுப்பு முன்னால் நின்று பார்த்தால்தான் புரியும். உப்பிட்ட துண்டைத் தாளில் ஒற்றி எடுப்பேன். பிறகு கத்தியின் முதுகால் தோலை அழுத்தி வழித்தால் இன்னும் கொஞ்சம் சாம்பல் நிற நீர் வரும், அதையும் துடைப்பேன். தோலில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, மொறுமொறுப்பும் பொன்னிறமும் வருவதற்கு 140-ஐ ஒட்டியாவது போக வேண்டும். வாணலியில் எண்ணெய் கொஞ்சம், தீ மிதமாக, தோல் கீழே. வைத்தவுடன் தோல் சுருங்கும், துண்டு வில்லாக வளையும். அரை நிமிடம் தட்டைக் கரண்டியால் அழுத்திப் பிடித்தால் படிந்துவிடும். பிறகு தொடவே கூடாது. பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தால் ஆழ்ந்த ஆரஞ்சு நிறம் அடியிலிருந்து மெல்ல வெளிர் ரோஸாக மாறிக்கொண்டே மேலே ஏறும். முக்கால் உயரம் ஏறியதும் திருப்பிப்போட்டு அடுப்பை அணைத்துவிடுவேன், மிச்சத்தை வாணலியின் சூடே பார்த்துக்கொள்ளும். நடுவில் வெப்பமானி 50, 52 காட்டும்போது எனக்குப் பிடித்த பதம். அமெரிக்க வேளாண் துறை சொல்வது 63. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் 63-க்கே போய்விடுங்கள், ருசிக்காக ரிஸ்க் எடுக்க வேண்டாம்.

இந்தக் கதையில் தோல் சூடான இரும்போடு ஐந்தாறு நிமிடம் ஒட்டிக் கிடக்கிறது. மிளகாய்த்தூளோ பூண்டுத்தூளோ அங்கே ஒரு நிமிடத்தில் கருகிக் கசக்கும். பொடியாக நறுக்கிய பச்சைப் பூண்டு அதைவிடச் சீக்கிரம் கருகும். பொடித்த மிளகுகூட தீய்ந்த வாசம் வந்துவிடும், அதனால் அதையும் நான் கடைசியில்தான் தூவுவேன். ஆக, வாணலியில் உப்பு மட்டும் போடுவதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை, வேறு எதுவும் அங்கே பிழைக்காது என்பதுதான் காரணம். அடுப்பை அணைத்த பிறகு கதவு திறந்துவிடுகிறது. ஒரு துண்டு வெண்ணெய், நசுக்கிய பூண்டுப் பல், இரண்டு காம்பு தைம் போட்டு, உருகிய வெண்ணெயை மீன்மேல் அள்ளி அள்ளி ஊற்றினால் முக்கால் நிமிடத்தில் வாசனை ஏறிவிடும். கணக்குப் பார்த்தால் ஐந்து பொருள் ஆகிவிட்டது. எளிமையா, ஆடம்பரமா? எனக்குத் தெரிந்து இதற்குப் பதில் சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இனிப்பு வேறு வகைத் தொல்லை. தேனும் சோயாவும் கலந்து பூசுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் ஆடம்பரம். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், கருகாமல் இருந்தால். சாதாரணச் சர்க்கரை கரமெலாக 160 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும், தேனில் இருக்கும் ஃப்ரக்டோஸுக்கு 110-ஐ ஒட்டியே போதும். சோயாவின் அமினோ அமிலங்களும் சேர்ந்துகொண்டால் இன்னும் வேகமாகச் சிவக்கும். மீன் உள்ளே பச்சையாக இருக்கும்போதே மேலே கருத்துப்போவது அதனால்தான். மீனை முக்கால் பதம் வேகவைத்துவிட்டு, தனியாகச் சுண்டக் காய்ச்சிய கலவையைத் தூரிகையால் தடவி, கடைசி இரண்டு நிமிடம் ஓவனின் கிரில்லுக்கு அடியில் வையுங்கள். அந்த இரண்டு நிமிடமும் கதவுக்கு முன்னாலிருந்து நகரக் கூடாது. முதலில் சின்னச் சின்னக் குமிழாகப் பொரியும், அடுத்து குமிழ்கள் பெரிதாகிச் சோம்பலாக வெடிக்கும், ஓரத்தில் ஒரு மூலை மட்டும் பழுப்பிலிருந்து கருப்புக்குத் தாவும். அந்த மூலை தெரிந்தவுடன் வெளியே. ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் முடிந்தது கதை.

மசாலாக் கட்சிக்காரர்கள் உதாரணம் காட்டும் பெரிய செய்முறைகளை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஸ்காண்டிநேவியாவின் கிராவ்லாக்ஸ்: உப்பு, சர்க்கரை, வெள்ளை மிளகு, அள்ளி அள்ளி டில் இலை, இரண்டு மூன்று நாள் குளிர்பெட்டியில். பிறகு அத்தனையையும் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் மீனைச் சீவுகிறார்கள். கடுகும் டில்லும் சேர்ந்த சாஸ் தனியாக வருகிறது. அங்கே அடுப்பே கிடையாது என்பது வேறு. (வீட்டில் செய்வதாக இருந்தால் ஒன்று, உப்பும் சர்க்கரையும் ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்லும் என்று நம்பிவிடாதீர்கள். மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்.) ஜப்பானின் சைக்கியோ முறையில் இனிப்பான வெள்ளை மிசோவில் (புளிக்கவைத்த சோயா விழுது) மிரின் என்ற இனிப்பு அரிசி ஒயினும் சாகே என்ற அரிசி மதுவும் குழைத்து இரண்டு மூன்று நாள் மீனைப் புதைத்து வைக்கிறார்கள். கிரில்லில் வைக்கும் முன் அந்த மிசோவைச் சுத்தமாகத் துடைத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் கருகிவிடும். ஜப்பானின் இன்னொரு முறையான தெரியாக்கியிலும் மீனை முதலில் வாட்டிவிட்டு, சோயா, மிரின், சர்க்கரைக் கலவையைக் கடைசியில் ஊற்றிச் சுண்டவிடுவதுதான் வழக்கம். பிரான்சில் ரோவான் ஊரின் த்ருவாக்ரோ சகோதரர்கள் 1960-களில் புகழ்பெறச் செய்த சால்மன் இருக்கிறதே, புளிப்பான சொரெல் கீரை, வெர்மூத் என்ற மூலிகை ஒயின், வெள்ளை ஒயின், கிரீம் எல்லாம் போட்ட ஆடம்பர சாஸ், அந்த சாஸ் தட்டில் அடியில் இருக்கும். மெல்லிய மீன் துண்டு, நொடிக்கணக்கில் வாட்டியது, அதன் மேலே படுத்திருக்கும்.

ஆக ஆடம்பரத்தின் உச்சிக்குப் போனவர்களும் தீக்கு முன்னால் நிறுத்துவது ஏறக்குறைய வெறும் மீனைத்தான். மசாலா ஒன்று முன்னாலேயே தன் வேலையை முடித்துக்கொண்டு விலகிவிடுகிறது, அல்லது பின்னால் வந்து சேர்கிறது. இதைக் கவனிக்காமல் பொருள் பட்டியலை மட்டும் காப்பியடித்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் பூசி 220 டிகிரி ஓவனில் தள்ளினால் யாரைக் குறை சொல்வது?

இதற்கு ஒரு உண்மையான விதிவிலக்கு உண்டு. நியூ ஆர்லியன்ஸின் சமையல்காரர் பால் ப்ருதோம் 1980-களில் பிரபலமாக்கிய கருக்கிய மீன். அதில் மீனை உருகிய வெண்ணெயில் தோய்த்து, பாப்ரிகா, வெங்காயத்தூள், பூண்டுத்தூள், கயென் மிளகாய், வெள்ளை மிளகு, கருமிளகு, தைம், ஒரேகானோ எல்லாம் கலந்த பொடியைப் பூசி, புகையப் புகையக் காய்ந்த வார்ப்பிரும்பு வாணலியில் போடுவார்கள். மசாலா கருக வேண்டும் என்பதே நோக்கம். அவர் அதைச் செய்தது ரெட்ஃபிஷ் என்ற கொழுப்புக் குறைந்த மீனில். அந்த உணவுக்கு வந்த கிராக்கியில் மெக்சிகோ வளைகுடாவில் அந்த மீனைப் பிடிக்கவே கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. இன்று சால்மனுக்கும் இந்தப் பொடியைப் போடுகிறார்கள். நன்றாகவே இருக்கிறது, ஆனால் வெண்ணெயின் கொழுப்பும் சால்மனின் கொழுப்பும் சேர்ந்து எனக்குப் பாதித் துண்டிலேயே திகட்டிவிடுகிறது. மெலிந்த வால் துண்டுக்கு இது பொருத்தம். வீட்டில் செய்தால் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், புகை எச்சரிக்கைக் கருவி அலறுவது நிச்சயம்.

சோயாவும் மிசோவும் சால்மனோடு ஏன் இவ்வளவு ஒட்டிக்கொள்கின்றன என்று யோசித்ததுண்டா? மீனின் சதையில் இனோசினேட் என்ற ருசிப்பொருள் இருக்கிறது, சோயாவிலும் மிசோவிலும் குளுட்டமேட் என்ற இன்னொன்று. உமாமி எனப்படும் ஐந்தாவது ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று ஜப்பானிய வேதியியலாளர் இக்கேடா கிகுனே கண்டறிந்தது 1908-ல். காய்ந்த மீனிலிருந்து இனோசினேட்டைப் பிரித்துக் காட்டியவர் அவருடைய மாணவர் கொடாமா, 1913-ல். இந்த இரண்டும் வாயில் ஒன்றாகச் சேரும்போது ருசி கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. தக்காளி, காளான், பழுத்த சீஸ் எல்லாம் குளுட்டமேட் பக்கம்தான். எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்கும்போது ஏழாவது பொடியைத் தேடுவதைவிட இந்த ஒரு ஜோடியை நினைவில் வைத்துக்கொள்வது மேல். ஆனால் ஒன்று: சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூனில் இரண்டேகால் கிராமை ஒட்டி உப்பு இருக்கிறது. மேலே சொன்ன 200 கிராம் துண்டுக்கான கணக்கு அதிலேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது. தனியாக உப்பும் போட்டு, சோயாவும் ஊற்றி, கேப்பரும் (உப்பில் ஊறிய பூமொட்டு) தூவினால் அப்புறம் தண்ணீர் குடம்தான்.

கடையில் வாங்கும் மீன் மசாலாப் பொட்டலங்களிலும் இதே கண்ணி இருக்கிறது. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பொருள்களை எடை வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் விதி. முதல் இடத்தில் உப்பு, அடுத்து சர்க்கரை என்றிருந்தால் நீங்கள் வாங்கியது உப்பும் சர்க்கரையும், மிச்சமெல்லாம் ஜோடனை. அதைப் பூசுவதற்கு முன் தனியாக உப்பிடாதீர்கள், அதிகச் சூட்டிலும் வைக்காதீர்கள். பொட்டலத்தைத் திட்டுவது என் நோக்கமில்லை, அவசர நாளில் நானும் கிழித்துக் கொட்டுகிறவன்தான்.

கவிச்சி அடிக்கிறது, அதனால்தான் நிறைய மசாலா போடுகிறேன் என்பவர்களுக்கு: அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மீனில் உண்டாகும் அமீன்கள் என்ற வேதிப்பொருள்களால் வரும் வாடை. எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பு பட்டால் அவை காற்றில் கலக்காத உப்புகளாக மாறிவிடும், வாடை அடங்கும். இன்னொன்று கொழுப்பு காற்றுப் பட்டுக் கெட்டதால் வரும் வாடை, பழைய பெயின்ட் மாதிரி. சால்மனில் கொழுப்பு அதிகம் என்பதால் இது அதிகம் வரும், இதற்கு எலுமிச்சையும் ஒன்றும் செய்யாது, மசாலாவும் ஒன்றும் செய்யாது, அந்த மீனை வீசிவிடுவதுதான் நல்லது. மீன் நல்லதாக இருந்தும் உங்களுக்கு வாசம் தூக்கலாகத் தெரிந்தால் தோலுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய பட்டை ஓடுவதைக் கவனியுங்கள். தோலை உரித்து அந்தப் பட்டையையும் சீவி எடுத்துவிட்டால் மீன் சாதுவாகிவிடும். எனக்கு அந்தப் பட்டைதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

மசாலாக் கட்சிக்கு நான் மனதார ஓட்டுப் போடும் இடம் மிதமான சூடும் ஈரமும் உள்ள சமையல். ஓவனை 120 டிகிரியில் வைத்து, எண்ணெயில் குழைத்த மசாலாவைப் பூசி 20, 25 நிமிடம் வைத்தால் எதுவும் கருகாது. மிளகாயின் காரமும் பல மசாலாக்களின் மணமும் கொழுப்பில் கரைபவை, எண்ணெயில் விட்டால் அவை நன்றாக விரியும். தோல் மொறுமொறுப்பாக வராது, அதை மறந்துவிட வேண்டும். பேக்கிங் தாளில் பொட்டலம் கட்டிச் சுடுவது இன்னும் ஒரு படி மேல். இஞ்சி, வெங்காயத்தாள், எலுமிச்சை வில்லை, கொஞ்சம் ஒயின் என்று எதை உள்ளே வைத்தாலும் ஆவி வெளியே போக வழியில்லாமல் மீனைச் சுற்றிச் சுற்றி வரும், சாப்பிடும்போது பொட்டலத்தைக் கிழித்தவுடன் முகத்தில் அடிக்கும் அந்த மணத்துக்காகவே செய்யலாம். பின்லாந்தின் லோஹிகெய்ட்டோ சூப்பில் உருளைக்கிழங்கு, லீக், கிரீம், முழு ஆல்ஸ்பைஸ், கைநிறைய டில் என்று பட்டியல் நீளும். அங்கேயும் கிழங்கு வெந்து மசாலா சாற்றில் இறங்கிய பிறகுதான் மீன் உள்ளே போகிறது, சில நிமிடம்தான். ஆனால் மீனை மட்டும் வேகவைக்கும் தண்ணீரில் காரட், செலரி, பிரிஞ்சி இலை எல்லாம் போட்டு மணக்க வைப்பது பெரும்பாலும் வீண் வேலை என்பது என் அபிப்பிராயம். சமையலறை மணக்கும், மீன் மணக்காது. அந்தத் தண்ணீரில் உப்பு சரியாக இருக்கட்டும், போதும்.

எளிமை என்றால் மென்மை என்றும் அர்த்தமில்லை. ஜப்பானியர்களின் ஷியோசாக்கே வெறும் உப்பிட்ட சால்மன்தான், ஆனால் சுள்ளென்று உப்பேறிய வகைகள் உண்டு, ஒரு சின்னத் துண்டுக்கு ஒரு கிண்ணம் சோறு இறங்கிவிடும். வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பழங்குடிகள் செடார் குச்சிகளில் மீனைக் கோர்த்து ஆல்டர் மர நெருப்பின் ஓரத்தில் நட்டு வைத்து வாட்டுவார்கள். பொருள் பட்டியல் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, வாயில் வைத்தால் புகை வாசனை முழுக்க முழுக்க நிறைந்திருக்கும். புகையைவிடக் கனமான மசாலா எது?

எத்தனை சேர்த்தாலும் ஒன்று மட்டும் முன்னால் நிற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். புகையூட்டிய பாப்ரிகா, சீரகம், டில், இஞ்சி, தேன், கடுகு எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டால் பாப்ரிகா மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் காசுக்குப் பிடித்த கேடு. டில் முன்னால் நிற்கட்டும், கடுகும் வினிகரும் பின்னால் தாங்கட்டும். அல்லது இஞ்சி முன்னால், சோயா பின்னால். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டு, இதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாவிட்டால் அதில் பாதியை அடுத்த முறை எடுத்துவிடுவேன்.

மீந்துபோன மீனுக்கு இந்த விதிகள் எதுவும் பொருந்தாது. சமைத்த சால்மன் ஒரு நாள் கழிந்தால் கொழுப்பு காற்றில் மாறி ஒரு பழைய வாசம் தட்டும், மைக்ரோவேவில் சூடாக்கினால் வீடு முழுக்க அது பரவும். சூடாக்கவே வேண்டாம். குளிர்ந்தபடியே உதிர்த்து, கெட்டித் தயிர், கடுகு விழுது, பொடியாக நறுக்கிய வெங்காயம், கேப்பர், எலுமிச்சைத் தோல் துருவல், மிளகு, கையில் கிடைக்கும் பச்சை இலைகள் எல்லாம் போட்டுப் பிசைந்து ரொட்டியில் வைத்துச் சாப்பிடுங்கள். இங்கே தீ இல்லை, கருகப் பயமில்லை, துண்டும் உதிர்ந்துவிட்டதால் ஒவ்வொரு இழையிலும் மசாலா ஏறும். கேப்பரிலும் கடுகு விழுதிலும் உப்பு இருக்கிறது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.